காற்று எடுக்க இரண்டு பேர்

“நான்தான் சின்னவன் வயசு இருபத்தாறு இப்ப குளியலறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு நிக்கிறேன் புள்ளி இதைப் படிக்கிறது அக்காவா அம்மாவான்னு தெரியல யாரா இருந்தாலும் அவசரப்பட்டு எதையும் கழட்டாதீங்க முழுசாப் படிச்சுட்டு அப்புறம் வண்டிக்கு அடியில போங்க புள்ளி”

போனை உதட்டோடு ஒட்டி வைத்துக் கிசுகிசுத்தால் போதும், எழுத்து தானாக விழும். விரலால் தமிழ் அடிப்பதற்குள் அவனுக்குப் பாதி நாள் போய்விடும். புள்ளி என்று சொன்னால் புள்ளி வைக்கும் என்று கூட வேலை பார்க்கும் ஒருவன் சொன்னதை நம்பி ஒவ்வொரு வரிக்கும் சொல்லிப் பார்த்தான். அது அந்தச் சொல்லையே எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கட்டில்காரர் இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குறட்டைக்காக அந்த வீட்டில் தங்கியிருந்த எல்லோரும் ஒருமனதாக வைத்த பெயர் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. நின்றால்தான் எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

திரையின் உச்சியில் ‘அப்பா’ என்ற பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது.

“என்னடா வரிக்கு வரி புள்ளி, மானா நீ? மேல சொல்லு.”

அக்காதான். அப்பா போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. நேற்று வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது அக்காவின் போன் ஜாக்கிக்குக் கீழே சிக்கி நொறுங்கிவிட்டது. அம்மாவிடம் இருப்பது பேசுவதற்கு மட்டும் ஆன பட்டன் போன். அதனால் அலமாரிக்குள் அணைத்து வைத்திருந்த அப்பாவின் போனை எடுத்து சார்ஜ் போட்டிருக்கிறார்கள். அதை முன்கூட்டி அவனிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ‘அப்பா’ என்று திரை ஒளிர்ந்து, அதற்குக் கீழே “எழுந்துட்டியா?” என்று ஒரு வார்த்தை வந்து நின்றது. வாயில் நுரையோடு கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டான். அதைத் திறந்து பார்க்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.

பெயரும் வயதும் இருக்கிற இடமும் சொல்லிவிட்டுப் பேசுவது அப்பா வைத்த சட்டம். வெளிநாட்டு வேலைக்கென்று இங்கே வந்த புதிதில் புது நம்பரிலிருந்து மூச்சுவிடாமல் பேசி நீளமாக ஒரு செய்தி அனுப்பியபோது, அப்பா குரலில் பதில் அனுப்பினார். “யாருப்பா நீ? பேர் என்ன, வயசு என்ன, எங்க இருந்து பேசுற, அதை முதல்ல சொல்லு. அப்புறம் உன் கதையைக் கேக்குறேன்.” பின்னணியில் அம்மா சிரிப்பது கேட்டது. அன்றிலிருந்து அவன் அப்படித்தான் ஆரம்பிப்பான். நான்தான் சின்னவன், வயசு இருபத்து நாலு, இப்ப பஸ்ல நிக்கிறேன். நான்தான் சின்னவன், இப்ப குளிர்க்கிடங்குக்கு வெளிய, கையுறையைக் கழட்டிட்டுப் பேசுறேன். கேட்க ஆள் போன பிறகும் அந்த ஆரம்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வண்டி அவனைவிட மூத்தது. நீல நிற வேன். துணி வெளுக்கும் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துவைத்த விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அழுக்கு விரிப்புகளை ஏற்றி வருவது அப்பாவின் வேலை. “எனக்கு மூணு பிள்ளைங்க, மூத்தது மட்டும் டீசல் குடிக்கும்” என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்குப் பிறகு அக்கா அதை ஓட்டினாள். விரிப்புக் கட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் மாடி ஏறுவதை யாரோ எடுத்து அனுப்பிய படத்தை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். போன வாரம் கிளட்ச் பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. கியர் போட்டால் பல் நறநறவென்று கடித்தது. ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை அக்கா விரலால் ஒதுக்கிப் பார்த்தபோது உள்ளே ஈரம். வொர்க்‌ஷாப்காரர் வந்து சிலிண்டரைக் கழற்றி, தேய்ந்துபோன ரப்பர் வாஷரை மாற்றிப் பூட்டினார். “இனி லைன்ல இருக்கிற காத்தை எடுத்துட்டா பெடல் நிக்கும். ரெண்டு பேர் இருந்தா நீங்களே எடுத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, உறவில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கிளம்பினவர் இன்னும் திரும்பவில்லை.

திரும்பும்வரை காத்திருக்க சித்தப்பாவுக்குப் பொறுமை இல்லை. பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டார். இன்று மத்தியானம் இழுத்துப்போகிற வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். “அண்ணனே போயிட்டாரு, இது எதுக்கு வாசலை அடைச்சுக்கிட்டு? நீங்க ரெண்டு பேரும் வீட்டைப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இல்ல, ஓட்டிக் காட்டுவோம்னு சொல்றீங்களா? நான் வர்றப்ப ஒரு தடவை கியர் விழுந்து வண்டி நகர்ந்துச்சுன்னா, வந்த வழியே போயிடுறேன்.” கெட்ட மனிதர் இல்லை. அன்பு அவருக்கு எப்போதும் அதட்டலாகத்தான் வெளியே வரும். ஆனால் வண்டி போனால் அக்காவின் வேலை போகும். வேலை போனால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். அம்மா சித்தப்பா வீட்டின் பின்னறைக்குப் போவாள். அடுத்த வருஷம் அவன் திரும்பிப் போய் இறங்கும்போது கதவைத் திறக்க ஆள் இருக்காது.

அதனால்தான் அவனைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் கிளட்ச் என்றால் அவன்தான். அப்பா எப்போது காற்று எடுத்தாலும் கூட இருந்தவன் அவன். “அப்பாவோட இன்னொரு கை” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். அவன் கையாக இருந்ததே இல்லை, காலாக மட்டும்தான் இருந்தான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்குவான். கீழே, தகரத்துக்கு அடியிலிருந்து, அப்பாவின் குரல் வரும். “அமுக்கு... பிடி... பிடிச்சுக்கோ...” பிறகு ஒரு இடைவெளி. பிறகு பாட்டை இழுப்பதுபோல, “விடூ.” அந்த இடைவெளியில் கீழே என்ன நடக்கிறது என்று அவன் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். நேற்று வேலை முடிந்து வந்ததிலிருந்து யார் யாரோ எந்தெந்த மொழியிலோ காற்று எடுக்கும் வீடியோக்களைப் பார்த்து, அந்த இடைவெளியை இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தான்.

“நான்தான் சின்னவன் இன்னும் குளியலறையிலதான் இருக்கேன் அம்மா சீட்ல உக்காரட்டும் அக்கா நீ கீழ போ சிலிண்டர்ல சின்னதா ஒரு நிப்பிள் இருக்கும் அதுல குழாயை மாட்டி இன்னொரு நுனியை ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள்ள விடு அம்மா பெடலை நாலஞ்சு தடவை மெதுவா அமுக்கிட்டு கடைசில அமுக்கிப் பிடிச்சுக்கட்டும் நீ நிப்பிளைக் கால்வாசி திருப்பித் திற ஆயிலும் குமிழியும் வரும் உடனே மூடு மூடினதுக்கு அப்புறம்தான் அம்மா காலை எடுக்கணும் அதுக்கு முன்னாடி எடுத்தா வெளிய வந்த காத்து திரும்ப உள்ள போயிடும் டப்பால ஆயில் குறையாம பார்த்துக்கோங்க கண்ணுல தெறிக்காம பார்த்துக்கோ அக்கா கண்ணாடி ஏதாவது போட்டுக்கோ பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்து”

“உத்தரவு இன்ஜினியர் சார்” என்று வந்தது. கூப்பிட்டுப் பேசினால் மூன்றாவது வார்த்தையில் இணைப்பு அறுந்துபோகிற வாசல் அது. எழுத்து மட்டும் எப்படியோ போய்ச் சேரும். வீடியோ அனுப்புவதென்றால் அக்கா தெருமுனை வரை நடக்க வேண்டும்.

காத்திருந்தான். குளியலறைச் சுவரில் யாரோ காயப்போட்ட பனியன் சொட்டிக்கொண்டிருந்தது. பயம் வந்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. பேசின் மேலிருந்த எல்லோருடைய பிரஷ்களையும் உயர வரிசைப்படி அடுக்கினான். பிறகு கலைத்தான். போனில் விரல் தானாக மேலே மேலே தள்ளியது. அப்பாவின் பழைய செய்திகள். முதல் வருஷம் முழுக்கக் குரல்கள்தான், ஒவ்வொன்றும் நீளம் நீளமாக. வண்டியின் ஹாரன் வேலை செய்யாமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே ஓட்டிய கதை, ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை. அப்புறம் ஒரு நாள் அவன் சொன்னான், ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டேன்பா, இந்த வருஷம் வரல. அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு குரல்கள் நின்றுபோயின. எழுத்துதான் வந்தது, அதுவும் ஒரு வார்த்தை. சரி. சாப்பிடு. நல்லது. பத்திரம். ‘எழுதுகிறார்’ என்று நெடுநேரம் காட்டும், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பான், கடைசியில் ‘சரி’ என்று மட்டும் வந்து விழும்.

கோபம் என்றுதான் நினைத்தான். அம்மாவிடம் கேட்டதற்கு, “அவர் போன்ல மைக் போயிடுச்சுடா, அதான் எழுதுறாரு” என்றாள். உன் போன்ல பேசலாமே என்று கேட்டதற்கு, “அவர் வேலைக்குப் போயிட்டாரு”, “அவர் குளிக்கிறாரு”, “அவர் இப்பத்தான் கண் அசந்தாரு.” ஒரு மனிதர் தொடர்ந்து குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்க முடியாது. பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வந்து நேரில் காலில் விழுந்தால் சரியாகிவிடும் என்று வைத்துக்கொண்டான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னார்கள். லீவு கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அக்கா பிடித்த போனில்தான் பார்த்தான். கழுத்தைச் சுற்றி மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டு, அதற்கு மேலே கோபமா இல்லையா என்று சொல்ல முடியாத முகம்.

முதல் வீடியோ வந்தது. போனை டயரில் சாய்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. கியர் பாக்ஸின் அடிவயிறு, ஒளி ஊடுருவும் குழாய், அக்காவின் முழங்கை. குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அதற்குக் கீழே எழுதியிருந்தாள். “ஏழெட்டு தடவை எடுத்துட்டேன்டா. நிக்க மாட்டேங்குது. பெடல் இன்னும் பொத்துனு போகுதாம்.”

“டப்பால ஆயில் குறைஞ்சிருக்கும் பாருங்க” என்றான். நிறைந்திருந்தது. “நிப்பிளை நல்லா இறுக்கு” என்றான். இறுக்கினாள். “குழாய் நுனி ஆயிலுக்குள்ள முங்கி இருக்கா?” முங்கித்தான் இருந்தது. அடுத்த சுற்றுக்குப் பிறகும் குமிழி. அதற்கடுத்ததற்குப் பிறகும். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெடலோடு சேர்ந்த மேல் சிலிண்டரும் போயிருக்குமோ, பெடலுக்குப் பின்னால் மிதியடி ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். காய்ந்துதான் இருக்கிறது, தூசிகூடக் கலையவில்லை என்றாள். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், “அம்மா கால் வலிக்குதான்னு கேளு” என்றான்.

“கால் வலிக்கலயாம். உனக்கு வலிக்குதான்னு கேக்குறாங்க, நின்னுக்கிட்டே இருக்கியாமே.”

அப்போது ஜெனரேட்டர் நின்றது. கதவு தட்டப்பட்டது.

“தம்பி, உள்ள குடித்தனமே பண்றியா? வாடகை ரெண்டு தடவையா குடுக்கப்போற?”

“அஞ்சு நிமிஷம்ணே.”

“யார்கிட்டடா பேசுற, இவ்வளவு ரகசியமா? பொண்ணா?”

“வேன்ணே.”

“வேனா? சரி, அதுவாவது உன்னைக் கட்டிக்கிட்டா சரி” என்று சொல்லிவிட்டு அவர் சமையல் கட்டுப் பக்கம் செருப்பை இழுத்துக்கொண்டு போனார்.

அதற்குள் இன்னொரு செய்தி. “சித்தப்பா வந்துட்டாரு. கூடவே இழுக்கிற வண்டியும். சங்கிலியைக் கீழ இறக்கிட்டாங்க. என்னைப் பார்த்து, முகத்துல என்ன மீசைன்னு கேட்டாரு, ஆயில்டா. டீ குடிச்சிட்டு வர்றேன், அதுவரைக்கும் உங்க வித்தையைக் காட்டுங்கன்னுட்டு மூலைக்கடைக்குப் போயிருக்காரு. டேய், போகட்டும்னு விட்டுடலாமா? எனக்குக் கை ஓஞ்சு போச்சு.”

விட்டுவிடு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அவளுக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி, இனிமேல் யாரும் அவனை இன்னொரு கை என்று சொல்ல மாட்டார்கள். பாக்கெட்டில் கிடந்த இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டு வீடியோவை மறுபடி ஓட்டினான். பார்ப்பதற்காக அல்ல, கேட்பதற்காக. கண்ணை மூடிக்கொண்டான். கீழேயிருந்து வரும் சத்தத்துக்காகத்தானே அவன் எப்போதும் காத்திருந்தான், அந்தப் பழக்கம்.

மேலேயிருந்து அம்மாவின் குரல், தகரத்தின் வழியாக. “அமுக்கிட்டேன்.” ஸ்பேனர் நிப்பிளைக் கவ்வும் உரசல். ஆயில் பீறும் புஸ் என்ற ஒலி. அக்கா மூச்சு வாங்குகிறாள், ஸ்பேனர் நழுவுகிறது, திரும்ப மாட்டுகிறாள், மாட்டும்போது அது கியர் பாக்ஸின் இரும்பில் இடிக்கிறது. டிங். உடனே மேலே கிறீச். பெடல் ஸ்பிரிங். அந்தக் கிறீச்சை அவனுக்கு எங்கே கேட்டாலும் தெரியும், அவன் பாதத்துக்குக் கீழே வளர்ந்த சத்தம் அது. அதற்குப் பிறகுதான் நிப்பிள் இறுகும் முனகல். அதற்கும் பிறகு அக்கா, “ம், விடும்மா.”

கண்ணைத் திறந்து திரும்ப ஓட்டினான். டிங். கிறீச். குழாயில் வெளியே வந்துகொண்டிருந்த குமிழிகள் ஒரு கணம் தயங்கி, வந்த வழியே உள்ளே ஓடின. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அக்கா சொல்வதற்காக அம்மா காத்திருக்கவில்லை. இரும்பு தட்டுப்படும் சத்தம் கேட்டதும் காலை எடுத்துவிடுகிறாள். எடுத்த காற்றை எல்லாம் திரும்ப உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சிலிண்டர் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. போனை வாயருகே கொண்டுபோனான்.

“நான்தான் சின்னவன் கண்டுபிடிச்சுட்டேன் அக்கா தப்பு உன் மேல இல்ல ஸ்பேனர் கியர் பாக்ஸ்ல இடிக்குதுல்ல அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா காலை எடுத்துடுறாங்க நிப்பிள் திறந்திருக்கிறப்பவே எடுத்துடுறாங்க ஏன் அந்தச் சத்தத்துக்குக் காலை எடுக்குறாங்கன்னு கேளு”

அனுப்பினான். இரண்டு குறிகளும் நீலமாகின. அப்பா எழுதுகிறார். நின்றது. அப்பா எழுதுகிறார். நின்றது. நெடுநேரம் அப்படியே. கடைசியில் எழுத்து வரவில்லை, குரல் வந்தது. அந்தப் பெயரிலிருந்து ஒரு வருஷத்துக்கும் மேலாக வராத குரல் குறி, மைக் படம் போட்டது. அதைத் தொடுவதற்கு முன்பே அவன் உடம்பு ஒரு தடவை ஏமாந்தது.

அம்மா. தெருமுனையில் நிற்கிறாள் போலிருக்கிறது, ஏதோ வண்டி கடக்கும் ஓசை.

“எப்பா... நான் எடுக்கணும்னு எடுக்கலப்பா. கால் தானா வந்துடுது. இதுக்கு முன்னாடி எல்லாம் அப்படித்தானே செஞ்சோம். நீ போனதுக்கு அப்புறம் நான்தான் உக்காருவேன். அந்த வாஷர் ரொம்ப நாளாவே கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அடிக்கடி காத்து எடுக்க வேண்டி இருந்துச்சு. உங்கப்பா... விடுன்னு கத்த மாட்டாரு. மூடிட்டு, ஸ்பேனரால இரும்புல ஒரு தட்டு தட்டுவாரு. கேட்டதும் நான் எடுத்துடுவேன்.”

முடிந்துவிட்டது என்று நினைத்தான். கீழே இன்னொன்று வந்து விழுந்தது.

“கத்த முடியலப்பா அவருக்கு. தொண்டையில ஒரு கட்டி. ஆபரேஷன் பண்ணினாங்க. அதுக்கப்புறம் சத்தமே வரல. உன்கிட்டச் சொன்னா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவேன்னு, சொல்லக் கூடாதுன்னு எழுதிக் காட்டினாரு. அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மைக் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, பாரு, இப்ப நான் இதுலதானே பேசுறேன். நீ அனுப்புறதை எல்லாம் காதுல வச்சுக் கேப்பாரு. பதிலுக்கு எழுதுவாரு, பெரிசு பெரிசா. விரல் தடிமன்ல தப்புத் தப்பா வரும், பிள்ளை சந்தேகப்படுவான்னு எல்லாத்தையும் அழிச்சுட்டு...”

பின்னால் அக்காவின் குரல் குறுக்கிட்டது. “போதும்மா, கொண்டா, சித்தப்பா வர்றாரு.” அதோடு அறுந்தது.

பனியன் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் மூடியிருந்த டாய்லெட்டின் மேல் உட்கார்ந்தான். சரி. சாப்பிடு. நல்லது. பத்திரம். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அவன் தனித்தனியாகக் கோபம் பார்த்து வைத்திருந்தான். ‘நல்லது’ என்பதில் ஒரு கேலி, ‘பத்திரம்’ என்பதில் இனி உன் பாடு என்கிற கைவிடல். ஒரு தடவை பதிலுக்கு அவனும் பத்து நாள் பேசாமல் இருந்தான். அந்தப் பத்து நாளும் அந்தப் போன் யாருடைய காதில் இருந்திருக்கும் என்று யோசித்தான். கழுத்தில் இருந்த வெள்ளைத் துண்டை யோசித்தான். குளிருக்கு என்று அல்லவா நினைத்தான். குளிர் எங்கே இருக்கிறது அங்கே.

கதவு மறுபடி தட்டப்பட்டது, இந்த முறை ஒரே ஒரு தட்டு, விரல் கணுவால். அவன் அறியாமல் இடது கால் தரையிலிருந்து மேலே எழுந்தது.

“தம்பி” என்றார் ஜெனரேட்டர் அந்தப் பக்கமிருந்து. குரலில் கேலி இல்லை. “அழறியா?”

“இல்லண்ணே.”

“சரி. அவசரமில்ல. நான் கீழ் வீட்டுல போய்க்கிறேன்.” செருப்புச் சத்தம் நகர்ந்தது. பிறகு திரும்பி வந்தது. “வேன் ஓடலயா?”

“இன்னும் தெரியலண்ணே.”

அக்காவிடமிருந்து எழுத்து வந்தது. அவசரத்தில் அடித்தது, பாதி வார்த்தைகள் கோணலாக. சித்தப்பா சங்கிலியை முன் பம்பரில் மாட்டச் சொல்லிவிட்டார். அம்மா சீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். சித்தப்பா கையைப் பிசைந்துகொண்டு, அண்ணி, அண்ணி என்று சுற்றிச் சுற்றி வருகிறார். “ஒரே ஒரு தடவைன்னு கேட்டு வாங்கியிருக்கேன். அம்மாகிட்ட, சத்தத்துக்கு எடுக்காதே, நான் சொன்னாத்தான் எடுக்கணும்னு சொல்லிட்டேன். சரி சரின்னு தலையாட்டுறாங்க. ஆனா அவங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை இல்லடா. சொல்லு, என்ன பண்ணட்டும்?”

அவன் எழுந்து நின்றான். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். இதற்கு எந்த மொழியிலும் வீடியோ கிடையாது. அந்த நீல வேனுக்குக் கீழே ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார், வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கையில் இருப்பதை எடுத்துத் தட்டுகிறார். மேலே இருக்கிறவள் கேட்டுவிடுகிறாள். அவ்வளவு நாளும் அவருக்குக் கிடைத்த பதில் அது ஒன்றுதான், உடனுக்குடன் வந்த பதில். அதை அம்மாவின் காலிலிருந்து எடுத்துவிடு என்று எப்படிச் சொல்வது?

இடது காலைச் செருப்பிலிருந்து கழற்றி ஈரத் தரையில் பதித்தான். மெல்ல அமுக்கினான். பிடித்துக்கொண்டான். போனை உதட்டருகே கொண்டுபோனான்.

“நான்தான் சின்னவன் வயசு இருபத்தாறு இங்கதான் இருக்கேன் எங்கயும் போகல இதைப் படிக்கிறது அக்காவோ அம்மாவோ சித்தப்பாவோ யாரா இருந்தாலும் ஒண்ணு செய்யுங்க அம்மாவை மாத்தாதீங்க அவங்க அந்தச் சத்தத்துக்கே காலை எடுக்கட்டும் அக்கா நீ வாயைத் திறக்காதே ஸ்பேனர் எங்கயும் இடிக்காம ஒரு துணியைச் சுத்திப் பிடிச்சுக்கோ நிப்பிளை முழுசா மூடிட்டுத் துணியை எடுத்துட்டு இரும்புல ஒரே ஒரு தட்டு தட்டு அப்பா தட்டுற மாதிரி சித்தப்பா நீங்க அதுவரைக்கும் யாரும் பேசாம இருக்கச் சொல்லுங்க அப்புறம் போனை அங்கயே கியர் பாக்ஸ் பக்கத்துல வைங்க மைக் நல்லாத்தான் இருக்கு தட்டுற அந்தச் சத்தத்தை மட்டும் எனக்கு அனுப்பி வைங்க”